காசு குறைந்த காலத்தில் மாநகராட்சி: வரியா, வெட்டா, கடனா, காட்சித் திட்டமா?

பொருளாதாரம் படுக்கும்போது மத்திய அரசுக்குக் கைகொடுக்க ரிசர்வ் வங்கி இருக்கிறது. மாநில அரசுக்குப் பெட்ரோல் வரியும் டாஸ்மாக்கும் இருக்கின்றன. மாநகராட்சிக்கு இருப்பது நம் வீட்டுச் சுவரும் கடைக் கதவும்தான். சொத்து வரி, தொழில் வரி, பத்திரப் பதிவில் கிடைக்கும் பங்கு, மேலிருந்து வரும் மானியம்: சென்னை மாநகராட்சியின் வரவில் பெரும்பகுதி இந்த நான்கிலிருந்து வருகிறது.

இவற்றில் கடைசி இரண்டும் கெட்ட காலத்தில் முதலில் சரியும். வீடோ மனையோ விற்கும்போது கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சிக்குச் சேர வேண்டியது. விற்பனை நின்றால் அந்த வரவும் நின்றுவிடும். மாநிலத்துக்கே வரி வராதபோது அதன் பங்கீடு மட்டும் எப்படி ஒழுங்காக வரும்? 2020 ஊரடங்கில் இதைக் கண்ணால் பார்த்தோம். கடைகள் அடைத்துக் கிடந்தன, பதிவு அலுவலகங்களில் ஆள் இல்லை. அதே வாரங்களில் மாநகராட்சி தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் நடத்தியது, அம்மா உணவகங்களில் இலவசமாகச் சோறு போட்டது. வரவு குறையும் நேரம்தான் செலவு கூடும் நேரமும். தனியார் நிறுவனத்துக்கும் மாநகராட்சிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது.

தொழில் வரிக்கு இன்னொரு சிக்கல். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது. அதை வைத்தது 1988-ல். சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். மாதம் 15,000 வாங்கும் கணக்கரும், பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் உட்கார்ந்திருக்கும் தலைமை அதிகாரியும் ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள். நகரத்தில் ஐ.டி. வளர்ந்தது, அதில் மாநகராட்சிக்குக் கிடைத்தது சில்லறை.

செலவுப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். குடிநீரும் கழிவுநீரும் 1978-லிருந்து குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. பஸ் தனிக் கழகத்திடம். மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பவை குப்பை, மழைநீர் வடிகால், உட்புறச் சாலைகள், தெருவிளக்கு, பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், பூங்கா, கொசு. 2011-ல் எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்தபோது இந்தப் பொறுப்பு இரண்டு மடங்குக்கு மேல் பரந்தது. அம்பத்தூரும் பெருங்குடியும் உள்ளே வந்தன, வடிகால் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013-ல் நீதிமன்றத்தில் திவால் மனு போட்டது போல நம் ஊர் மாநகராட்சி போட முடியாது, சட்டத்தில் அதற்கு வழியில்லை. அதனால் இங்கே நெருக்கடி சத்தமில்லாமல் வரும். ஒப்பந்ததாரர் பில் தேங்கும், சாலையின் பள்ளம் அடுத்த மழை வரைக்கும் காத்திருக்கும், ஓய்வுபெற்றவரின் பணப்பலன் தள்ளிப்போகும்.

சரி, பணம் குறைந்துவிட்டது. மன்றத்தின் முன்னால் நான்கு வழி இருக்கிறது. வரியைக் கூட்டலாம், செலவை வெட்டலாம், கடன் வாங்கலாம், அல்லது பெரிய திட்டம் ஒன்றைக் கட்டி வளர்ச்சி தானாக வரும் என்று நம்பலாம். எந்த மாநகராட்சியும் நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். எதை முதலில் செய்கிறது என்பதில்தான் யார் வயிற்றில் அடி விழுகிறது என்பது இருக்கிறது.

வரி

சென்னையின் பழைய பகுதிகளில் 1998-க்குப் பிறகு சொத்து வரிப் பொதுச் சீராய்வு நடக்கவே இல்லை. 2018-ல் 50, 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். ஆட்சி மாறியது. 2022 ஏப்ரலில் மறுபடி உயர்வு வந்தது: பழைய சென்னையில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. வணிகக் கட்டடங்களுக்கும் 150. அதாவது கொரோனாவிலிருந்து கடைக்காரர்கள் எழுந்து நிற்கப் பார்த்த நேரத்தில்.

அன்று நடந்த கூச்சல் நியாயமானது. ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1998-லிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டும் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால் 24 ஆண்டில் வரி இரண்டரை மடங்கு ஆகியிருக்கும். அந்த 150 சதவீத உயர்வு இதுதான். சிறிய வீட்டுக்குப் போட்ட 50 சதவீதத்தை இப்படிப் பிரித்தால் ஆண்டுக்கு 2 சதவீதம்கூட வராது. அந்த இடைவெளியில் அரிசி விலை, கொத்தனார் கூலி, தார் விலை எல்லாம் எங்கே போயின என்று சொல்லத் தேவையில்லை. மக்களை அடித்தது உயர்வின் அளவைவிட, 24 ஆண்டுக் கணக்கை ஒரே ரசீதில் நீட்டியது.

அந்த உயர்வுக்குப் பின்னால் இன்னொரு கை இருந்ததையும் மறக்கக் கூடாது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும், இல்லாவிட்டால் மானியம் கிடையாது என்று 15-வது நிதி ஆணையம் நிபந்தனை போட்டது. ஏற்றாமல் இருந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 6 சதவீத உயர்வுக்குச் சென்னை மாமன்றம் தீர்மானம் போட்டது. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரே முறைப்பார். ஆனாலும் 20 ஆண்டுக்கு ஒருமுறை இடி விழுவதைவிட, எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த சின்ன உயர்வு மேல். கடை வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமானது, விகிதத்தைத் தொடாமலே வரவைக் கூட்டும் வழி. தரைத்தளத்துக்கு மட்டும் மதிப்பீடு செய்த கட்டடம் இன்று மூன்று மாடியாக நிற்கும். குடியிருப்பு என்று பதிவான வீட்டில் பெண்கள் விடுதி நடக்கும், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு டியூஷன் சென்டர் ஓடும். ஒழுங்காகக் கட்டுபவரிடம் மேலும் 6 சதவீதம் கேட்பதற்கு முன்னால் இவர்களை அளப்பதுதான் முறை. வான்படம் எடுத்து, மின் இணைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும். கணக்கெடுப்பு நடக்காமல் இல்லை. அளந்த பிறகு வரும் நோட்டீஸ்தான் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுகிறது.

மத்திய அரசின் சொத்துக்குச் சொத்து வரி போட முடியாது, அரசியல் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. பேச்சுவார்த்தையில் சேவைக் கட்டணம் என்று ஏதாவது பெறலாம். ரயில்வே இவ்வளவு நிலம் வைத்திருக்கும் ஊரில் இது சின்ன இழப்பு இல்லை. ஆனால் நெருக்கடி ஆண்டில் டெல்லியோடு வாதாடி அந்த ஆண்டுக்குள் பணம் வாங்கிவிடலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

வெட்டு

செலவைக் குறையுங்கள் என்பது கேட்க இனிமையான வாதம். எதில் என்று கேட்டால்தான் சிக்கல். நிரந்தர ஊழியர் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தொட முடியாது. கடன் தவணையைத் தொட முடியாது. மிச்சம் இருப்பவை இரண்டு: பராமரிப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் கூலி. எல்லா ஊரிலும் கத்தி இந்த இரண்டில்தான் போய் நிற்கிறது.

குப்பை அள்ளுவதைத் தனியாரிடம் கொடுப்பது சென்னைக்குப் புதிதில்லை, 2000-லிருந்து நடக்கிறது. 2020-ல் ஏழு மண்டலங்கள் ஒரே நிறுவனத்திடம் போயின. 2025-ல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போனபோது தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1-ம் தேதி ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். வாங்கிக்கொண்டிருந்த கூலி குறையும், பல ஆண்டுகள் செய்த வேலைக்கு நிரந்தரம் கிடைக்காது என்பது அவர்கள் வாதம். 13-ம் தேதி இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

தனியார்மயத்துக்கு ஆதரவான வாதத்தையும் நேர்மையாக வைக்கலாம். பேட்டரி வண்டி வாங்க மாநகராட்சி மொத்தமாக முதல் போட வேண்டியதில்லை. வேலை நடக்காவிட்டால் ஒப்பந்தப்படி அபராதம் போடலாம். வருகைப் பதிவில் மட்டும் இருந்து தெருவில் இல்லாத ஆட்களின் தொல்லை குறையும். இவை உண்மையான லாபங்கள், நான் மறுக்கவில்லை.

ஆனால் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வண்டியும் டீசலும் தனியாருக்கு மட்டும் மலிவாகக் கிடைப்பதில்லை. குப்பை வேலையில் பெரும்பங்கு கூலி. ஆகவே ஒப்பந்தம் கணிசமாக மலிவாக இருந்தால், ஆளைக் குறைத்தோ கூலியைக் குறைத்தோதான் அது மலிவாகியிருக்க முடியும். அந்தக் கூலி போவது வியாசர்பாடி மளிகைக் கடைக்கும் புளியந்தோப்பு வீட்டு வாடகைக்கும். மந்த காலத்தில் உள்ளூர்க் கடையில் உடனே செலவாகும் பணத்தை வெட்டிவிட்டு, உள்ளூர்ப் பொருளாதாரத்தை ஊக்குவிக்க வேறொரு திட்டம் தீட்டுவது எனக்குப் புரியாத கணக்கு.

வெட்டு கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காமைப் பார்க்கலாம். சம ஊதிய வழக்குகளின் பாக்கி உள்ளிட்ட காரணங்களால் 2023 செப்டம்பரில் அந்த நகர மன்றம் தன் கணக்கு சமன்படாது என்று சட்டப்படி அறிவித்தது. 2024-ல் மன்ற வரி (வீடுகளுக்கு அந்த மன்றம் போடும் வரி) ஏறக்குறைய 10 சதவீதம் ஏறியது, அடுத்த ஆண்டு மறுபடி ஏறியது. நூலகங்கள் சுருங்கின. குப்பை வண்டிகளில் ஒரு பணி நிலையை நீக்கப் போனதில் 2025 மார்ச்சில் முழு வேலைநிறுத்தம் வெடித்தது. அந்த மாத இறுதியில் தெருக்களில் 17,000 டன் குப்பை கிடந்ததாக மன்றமே சொன்னது. அதிக வரி கட்டிவிட்டு எலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை.

அம்மா உணவகம் இந்த விவாதத்தில் தவறாமல் வரும். 2013-ல் தொடங்கியது, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. இந்த விலையில் நஷ்டம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், அந்த நஷ்டம் மாநகராட்சி தலையில். கூட்டமே வராத இடங்களைப் பக்கத்துக் கிளையோடு சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கட்டடத் தொழிலாளர் கூடும் இடங்களிலும் அரசு மருத்துவமனை வாசலிலும் இருப்பவற்றை மந்த காலத்தில் மூடுவது தவறு. வேலை குறையும் மாதத்தில்தான் அங்கே வரிசை நீளும். ஆட்சி மாறிய பிறகும் 2024-ல் அவற்றைப் புதுப்பிக்க 21 கோடி ஒதுக்கியதற்கு அரசியலைத் தாண்டிய ஒரு காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இந்தச் சண்டை நூறு ஆண்டுப் பழசு. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது, பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்ததால் 1925-ல் நின்றுபோனது. ஒரு கணக்குத் தலைப்பை வைத்து நிறுத்திய அந்த யோசனையைத்தான் பிறகு தமிழ்நாடு முழுக்கச் செய்து காட்டினோம்.

கடன்

கடன் பற்றி நீளமாகப் பேச எதுவும் இல்லை, ஏனென்றால் விதி ஒன்றுதான்: 30 ஆண்டு உழைக்கும் பொருளுக்கு வாங்கலாம், இந்த மாதச் சம்பளத்துக்கு வாங்கக் கூடாது. 1970-களில் நியூயார்க் நகரம் அன்றாடச் செலவுக்கே குறுகிய காலக் கடன் வாங்கிப் பழகியது. 1975-ல் வங்கிகள் கையை விரித்தன. அந்த ஆண்டு சுரங்க ரயில் கட்டணம் 35 சென்ட்டிலிருந்து 50 ஆனது. அடுத்த ஆண்டு, 19-ம் நூற்றாண்டிலிருந்து இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் வந்தது.

தமிழ்நாட்டில் 2001-ல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 30 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. சுங்கக் கட்டணத்தை நம்பிய கடன் அது. சென்னை 2025-ல்தான் முதன்முதலாகப் பத்திரச் சந்தைக்கு வந்தது: 200 கோடி, வட்டி 7.97 சதவீதம், கொசஸ்தலையாறு படுகை மழைநீர் வடிகாலுக்கு. முதல் ஆண்டு வட்டி ஏறக்குறைய 16 கோடி. பத்திரம் வெளியிட்டதற்கு மத்திய அரசின் ஊக்கத்தொகை 26 கோடி வரை கிடைக்கும் என்பதால் ஆரம்பச் சுமை குறையும். மணலி, திருவொற்றியூர் பக்கம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கடைச் சரக்கும் பட்டறை மோட்டாரும் நீரில் போவதை நினைத்தால் இது நல்ல கடன்.

ஒரே பயம் தாமதம். புனே 2017-ல் குடிநீர்த் திட்டத்துக்கு 200 கோடி திரட்டியது, டெண்டர் சிக்கலில் வேலை தள்ளிப்போனது, வட்டி மட்டும் நேரத்துக்கு ஓடியது. நம் ஊரில் தோண்டிப் போட்ட வடிகால் பள்ளங்கள் எத்தனை மாதம் திறந்து கிடக்கின்றன என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

பெரிய திட்டம்

வேலைவாய்ப்பைக் கொண்டுவர மாநகராட்சியால் என்ன முடியும்? தொழிற்சாலைக்குச் சலுகை கொடுப்பதும், சிப்காட்டில் நிலம் ஒதுக்குவதும் மாநில அரசின் வேலை. மாநகராட்சியிடம் இருப்பது தெரு. அதனால் அது தெருவையே காட்சிப் பொருளாக்கப் பார்க்கிறது. 2019-ல் சுமார் 40 கோடியில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் வந்தது. சாலைக்கு அதே தியாகராயர் பெயர்தான். நடக்க நன்றாகத்தான் இருக்கிறது, சாயங்காலம் குழந்தைகளோடு போகிறவர்கள் சொல்வார்கள். ஏற்கெனவே வியாபாரம் கொழிக்கும் தெருவில், நல்ல காலத்தில், மத்திய அரசின் சீர்மிகு நகரத் திட்டப் பணம் இருந்தபோது செய்தது அது. பணம் இல்லாத ஆண்டில் இதே போன்ற இன்னொன்றுக்கு மாநகராட்சி தன் கையிலிருந்து 40 கோடி போட வேண்டுமா? வேண்டாம் என்பேன்.

டெட்ராய்ட் திவால் மனு போட்டது 2013 ஜூலை 18. அப்போது அங்கே தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் எரியவில்லை. அதே மாதம், பொதுப்பணமும் சேர்ந்த புதிய ஹாக்கி அரங்கத்துக்கான பத்திரங்களுக்கு மாநில அமைப்பு ஒப்புதல் கொடுத்தது. அரங்கம் எழுந்தது, அதைச் சுற்றி வரும் என்று சொன்ன குடியிருப்புகளும் கடைகளும் சொன்ன வேகத்தில் வரவில்லை. இன்னொரு பக்கம், 2016 இறுதிக்குள் 65,000 எல்.இ.டி. விளக்குகள் போட்டு முடித்தார்கள். இருட்டில் மூடிவிட்டுப் போன தெருவில் கடையை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்க எது உதவியிருக்கும் என்று அந்த ஊர்க் கடைக்காரரைக் கேட்டால் அரங்கத்தைச் சொல்ல மாட்டார்.

சென்னைக்கு இதன் பொருள் சின்னச் சின்ன வேலைகள். மாநகராட்சி மார்க்கெட்டுகளில் கூரையும் கழிப்பறையும். 2014 சட்டப்படி தெரு வியாபாரிகளுக்கு விற்பனை இடமும் அடையாள அட்டையும், அதுவும் கூட்டம் வரும் தெருவிலேயே, யாரும் போகாத சந்தில் இல்லை. தொழில் உரிமம் புதுப்பிக்க ஒரு கடைக்காரர் அலைய வேண்டியிராத நடைமுறை. மாநகராட்சி வணிக வளாகக் கடைகளின் பழைய வாடகையை மறுநிர்ணயம் செய்து, உள்வாடகைக்கு விட்டவரை வெளியேற்றுவது. கடைசியாகச் சொன்னது வரவும்கூட, ஆனால் அதில் யார் யார் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்பதால் எந்த மன்றமும் தொடத் தயங்கும்.

வரிசை என்று கேட்டால்

முதல் ஆண்டில் மறுஅளவீடும் நிலுவை வசூலும், பெரிய வணிகக் கட்டடங்களிலிருந்து தொடங்கி. ஆண்டு 6 சதவீத உயர்வு தொடரட்டும். 600 சதுர அடிக்குள் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டும் மந்த ஆண்டில் அதை ஒத்திவைக்கலாம், அந்த இழப்பை மேலே இருக்கும் அடுக்கு தாங்கும். குப்பைக் கூலியில் கை வைக்கக் கூடாது. ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்றால் அதுவரை வாங்கிய கூலிக்குக் குறையக் கூடாது என்று டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும், அப்புறம் ஏலம் வேறு விஷயங்களில் நடக்கட்டும். கடன் வடிகாலுக்கும் குப்பைக் கிடங்குச் சீரமைப்புக்கும் மட்டும். புதிய பூங்கா, அலங்கார வளைவு, கண்ணாடிப் பாலம் எல்லாம் நல்ல காலம் வரட்டும்.

இந்த வரிசையின் பலவீனம் எனக்குத் தெரிகிறது. மறுஅளவீட்டில் பணம் வர ஓராண்டுக்கு மேல் ஆகும், வழக்கு போடுவார்கள், அதுவரை ஒப்பந்ததாரர்களின் பில்லை ஓட்ட மாநில அரசின் முன்பணம் வேண்டும். தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் இதைத் தொடங்கவே முடியாது. 2018 உயர்வுக்கு நேர்ந்தது நினைவிருக்கும். 2021 ஜனவரியில் வர இருந்த குப்பைக் கட்டணத்தையும் எதிர்ப்பைப் பார்த்து அப்படியே நிறுத்தினார்கள். ஆகவே புதிய மன்றம் பதவியேற்ற முதல் ஆறு மாதம்தான் இதற்குக் காலம்.

வார்டுக்குள் பகுதி சபைகள் 2022-லிருந்து இருக்கின்றன. அங்கே வழக்கமாக விளக்கு எரியவில்லை, கொசு கடிக்கிறது என்ற புகார்கள்தான் எழும், எழவும் வேண்டும். அடுத்த முறை போகிறவர்கள் இதையும் கேட்டு வைக்கலாம்: நம் வார்டில் கடந்த ஆண்டு மறுஅளவீடு செய்த கட்டடங்கள் எத்தனை, அதில் வணிகக் கட்டடங்கள் எத்தனை, நோட்டீஸ் அனுப்பியும் நிலுவையில் நிற்பவை எவை.